பசிக்கும் பச்சைக்கும் நடுவே ஓரெழுத்து

த்யுதிசம்ஷ்லேஷணெ. தமிழில் நாம் ஒளிச்சேர்க்கை என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவதற்குக் கன்னடப் பாடப்புத்தகத்தில் இருந்த சொல் இது. மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு சாக்குக் கடையின் மாடியில் எனக்கு ஒற்றை அறை. அங்கே சுவரைப் பார்த்து நின்றுகொண்டு இந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். ‘த்யுதி’ சரியாக வந்தால் ‘சம்’ வராது. ‘சம்’ வந்துவிட்டால் ‘ஷ்லே’யில் நாக்கு புரளும். எரிச்சலில் புத்தகத்தைக் கட்டில்மேல் வீசுவேன். வீசிய புத்தகத்தை எடுத்துவரவும் நானேதான் எழுந்து போக வேண்டும். தனியாக இருப்பவர்கள் கோபித்துக்கொள்வதில் உள்ள சிக்கல் இது.

எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. விஜயநகரில் வரிசை வரிசையாகப் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே ஒரு தனியார் பள்ளியில் நான் உயிரியல் ஆசிரியை. ஆங்கிலப் பிரிவுக்குத்தான் என்னை எடுத்தார்கள். இரண்டு வருடம் சோதனைக் காலம், பிறகு நிரந்தரம் என்று பேச்சு. அந்த இரண்டு வருடம் முடியும் தறுவாயில் கன்னடப் பிரிவின் அறிவியல் ஆசிரியர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, ஒன்பதாம் வகுப்புக் கன்னடப் பிரிவையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அவரும் பள்ளியின் செயலாளரும் ஒருநாள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார்களாம். சரிப்பட்டால் நிரந்தரம். சரிப்படாவிட்டால் இரண்டு பிரிவுக்கும் சேர்த்து, கன்னடம் தெரிந்த வேறு ஒருவரை எடுத்துக்கொள்வார்களாம். இதை அவர் மிகவும் அன்பாகச் சொன்னார். அதனால் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று.

வேலை போனால் சேலத்துக்குத் திரும்ப வேண்டும். சேலத்தில் எனக்கு வீடு இல்லை, அண்ணன் வீடு இருந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கல்யாணமாகாத தங்கைகளுக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் நல்லவர். அண்ணியும் கெட்டவர் இல்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னை அவர்கள் ஒரு சொல் கடிந்ததில்லை. ஆனால் அது இரண்டு அறை வீடு. நான் ஹாலில் படுப்பேன். டீவியில் எல்லாரும் பார்ப்பதெல்லாம் முடிந்த பிறகுதான் பாயை விரிக்க முடியும். காலையில் பால்காரர் மணியடிப்பதற்குள் சுருட்டிவிட வேண்டும். யாராவது விருந்தாளி வந்தால் என் தலையணையை அண்ணி கதவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பார். அந்தத் தலையணை ஒளிவதைப் பார்த்துத்தான், வெளியூரில் எந்த வேலை கிடைத்தாலும் போய்விடுவது என்று முடிவு செய்தேன். மைசூர் கிடைத்தது. திரும்பிப் போய் அந்த ஹாலில் மறுபடி பாய் விரிப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. எப்படியாவது இந்த வேலை நிலைக்க வேண்டும். அந்த ஆனி, ஆடி மாதங்களில் எனக்கு இருந்த ஒரே நினைப்பு அதுதான்.

கன்னடம் கற்க நான் ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். நம்முடைய ‘ப’ அவர்களிடம் ‘ஹ’ ஆகிவிடும். பால் ஹாலு. பல் ஹல்லு. பூ ஹூவு. புலி ஹுலி. இதைக் கண்டுபிடித்த அன்று கன்னடம் முழுவதும் கைக்கு வந்துவிட்டதாகவே நினைத்தேன். காய்கறிக் கடையில், பஸ்ஸில், தபாலாபீசில் எல்லா இடத்திலும் ‘ப’வை எடுத்துவிட்டு ‘ஹ’வைப் போட்டுக்கொண்டிருந்தேன். பாதி நேரம் வேலை நடந்தது. மீதி நேரம் எதிரில் இருப்பவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள்.

கன்னடப் பிரிவில் என் முதல் வகுப்பு. “இவத்து ஒந்து ஹொச ஹாடு” என்று கம்பீரமாகத் தொடங்கினேன். இன்றைக்கு ஒரு புதுப் பாடம் என்று சொல்வதாக எனக்கு எண்ணம். பாடத்துக்கு அவர்களும் ‘பாட’ என்றுதான் சொல்வார்களாம். ‘ப’ மாறாத சொற்களில் அதுவும் ஒன்று. ‘ஹாடு’ என்றால் பாட்டு.  பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், “ஹாடி மிஸ், ஹாடி!” என்றது. பாடுங்கள் மிஸ், பாடுங்கள். அத்தனை பேரும் கைதட்டினார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சாக்பீஸை மேசையில் குத்தி இரண்டாக உடைத்தேன். அதற்குப் பிறகு அமைதியாகிவிட்டார்கள். ஆனால் பாடிவிட்டுப் போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அதைவிடப் பெரிய கூத்து, மைசூர் வந்த முதல் வாரத்திலேயே நடந்திருந்தது. வீட்டுக்கார அம்மா கீழே கடைக்குப் பின்பக்கம் குடியிருந்தார். கணவரை இழந்தவர், மகன் பெங்களூரில். படியேறும்போது “ஊட்ட ஆய்த்தா?” என்று கேட்டார். சாப்பாடு ஆயிற்றா என்பது மைசூரில் ஒரு வணக்கம்தான், கேள்வியில்லை. எனக்கு அன்று நிஜமாகவே கொலைப்பசி. பசியை ‘ஹசி’ என்று தொடங்கி ஏதோ சொல்வார்கள் என்பதுவரை நினைவு வந்தது. “நங்கெ ஹசிரு” என்றேன்.

ஹசிவு என்றால் பசி. ஹசிரு என்றால் பச்சை. கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். எனக்குப் பச்சை என்று சொல்லிவிட்டு நான் வாசலில் நிற்கிறேன். அந்த அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அன்று நான் கட்டியிருந்ததும் பச்சைப் புடவை. சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் ஒரு தட்டில் சித்ரான்னம் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாளே சந்து முழுக்கச் செய்தி பரவி, நான் ‘ஹசிரு டீச்சர்’ ஆகிவிட்டேன். தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். என் சொந்தப் பெயர் அந்தச் சந்தில் யாருக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

கூப்பிட ஒரு பெயர் கிடைத்ததே தவிர, பேச ஆள் கிடைக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பள்ளி முடிந்தால் திங்கட்கிழமை காலைவரை நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. திங்கட்கிழமை முதல் பீரியடில் என் தொண்டை கரகரக்கும். ஊரில் தமிழர்கள் இல்லாமல் இல்லை. ரயில்வேயிலும் சர்க்கார் ஆபீஸ்களிலும் இருந்த குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் அவர்கள் பிள்ளைகள் தமிழில் கேட்டால் கன்னடத்தில் பதில் சொல்லும். காவிரித் தகராறு ஓய்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தும், பஸ்ஸில் தமிழ் பேசும்போது குரல் தானாகவே தாழும். ஒருமுறை மார்க்கெட்டில் என் பின்னால் யாரோ “வெண்டைக்கா முத்தலா இருக்கு பாரு” என்று சொன்னது காதில் விழுந்தது. ஆசையாகத் திரும்பினேன். அதற்குள் அவர்கள் கடைக்காரரிடம் கன்னடத்துக்கு மாறியிருந்தார்கள். அந்த வெண்டைக்காய்க் கூடைக்குப் பக்கத்தில் நான் கொஞ்சநேரம் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

செயலாளர் வந்து பார்க்கப்போகும் வகுப்புக்கு நான் தேர்ந்தெடுத்த பாடம் இலை எப்படிச் சமைக்கிறது என்பது. வாயால் சொல்வதைக் குறைத்துக் கையால் செய்துகாட்டுவதற்கு நிறைய இடமுள்ள பாடம் அது. என் கன்னடத்தைவிட என் கையை நான் அதிகம் நம்பினேன்.

சோதனை எல்லாப் பள்ளியிலும் செய்வதுதான். செடி வேரில் தண்ணீரை உறிஞ்சுகிறது, இலையிலுள்ள நுண்துளைகள் வழியே காற்றை இழுக்கிறது. வெளிச்சம் பட்டதும் இலையிலுள்ள பச்சையம் இரண்டையும் சேர்த்துச் சர்க்கரையாக்குகிறது. பகலில் சமைத்ததில் மிஞ்சியதை மாவாக்கி இலையிலேயே வைத்துக்கொள்ளும். இருட்டிய பிறகு அந்த மாவு மறுபடி சர்க்கரையாகித் தண்டுக்கும் வேருக்கும் குருத்துக்கும் போகும். செடி வளர்வதெல்லாம் அந்தச் சாப்பாட்டில்தான். அதனால் சோதனைக்கு முன்னால் செடியை இரண்டு நாள் கும்மிருட்டில் வைத்துப் பட்டினி போட வேண்டும். பழைய மாவெல்லாம் தீர்ந்துவிடும். பிறகு ஓர் இலையின் நடுவில் கறுப்புக் காகிதப் பட்டையைக் கிளிப்பில் மாட்டி வெயிலில் வைத்தால், மூடாத இடத்தில் மட்டும் புது மாவு சேரும். அயோடின் விட்டால் மாவு இருக்கிற இடம் கருநீலமாகும், மூடிய இடம் ஆகாது. இவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. அதை நான் வகுப்பில் சொல்லவில்லை, கன்னடத்தில் சொல்லத் தெரியவில்லை. வெளிச்சத்தின் நிறங்களில் இலை சிவப்பையும் நீலத்தையும் நன்றாகச் சாப்பிடும். பச்சையைத்தான் அதிகம் சீண்டாமல் விட்டுவிடும். அப்படித் தள்ளிவிட்டதுதான் நம் கண்ணுக்கு வருகிறது. அது வேண்டாமென்று ஒதுக்கியதை நாம் அதன் நிறம் என்கிறோம். ஹசிரு டீச்சர் என்று பிள்ளைகள் கத்தும்போது சில நாள் எனக்கு இது ஞாபகம் வந்து மனசு கசக்கும்.

காசித்தும்பைச் செடி ஒன்றைத் தொட்டியோடு வாங்கினேன். மெல்லிய இலை, சோதனைக்குத் தோதானது. பள்ளியில் இருட்டறை கிடையாது. ஆய்வகத்து அலமாரியில் ஃபார்மலினில் ஊறிய தவளைகள் இருந்தன. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் செடியை என் அறைக்கே கொண்டுவந்து, துணிமணிகளை எல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, சுவர் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். இடுக்கில் பழைய துண்டைச் செருகினேன். திங்கட்கிழமை மத்தியானம் வகுப்பு.

சாத்திய அலமாரிக்கு எதிரே நின்றுகொண்டு ஒத்திகையை ஆரம்பித்தேன். சுவரைவிட அது பரவாயில்லை, உள்ளே உயிருள்ள ஒன்று இருக்கிறதே. “நீனு ஈக கத்தலெயல்லி இத்தீயா” என்று அதனிடம் சொன்னேன். நீ இப்போது இருட்டில் இருக்கிறாய். “நினகெ எரடு தின ஊட்ட இல்ல.” உனக்கு இரண்டு நாள் சாப்பாடு கிடையாது. வாக்கியங்கள் கோர்வையாக வந்ததில் எனக்கே உற்சாகமாகிவிட்டது. குரலைக் கொஞ்சம் உயர்த்திவிட்டேன் போலிருக்கிறது.

அது ஆஷாட வெள்ளி. நமக்கு ஆடி வெள்ளிபோல அவர்களுக்கு அது. மைசூரே திரண்டு சாமுண்டி மலைக்குப் போகும். வீட்டுக்கார அம்மாவும் போய்விட்டு வந்து, எனக்குக் குங்குமமும் பிரசாதமும் கொடுக்க மாடியேறியிருக்கிறார். அறைக்குள் கல்யாணமாகாத பெண் யாரிடமோ பேசுகிறாள். சாப்பாடு கிடையாது என்று அதட்டுகிறாள். கதவு வேறு லேசாகத் திறந்திருக்கிறது. உள்ளே வந்து பார்த்தால் நான் சாத்திய அலமாரியிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். துணியெல்லாம் கட்டிலில் கிடக்கிறது.

“யாரம்மா ஒளகெ?” என்றார். உள்ளே யார்?

நான் திரும்பி “யாரூ இல்ல” என்றேன். எப்படிப்பட்ட கள்ளியும் சொல்லக்கூடிய பதில் அதுதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் பிரசாதத் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு நேரே போய் அலமாரிக் கதவை விரியத் திறந்தார். ஜன்னல் வெளிச்சம் செடிமேல் விழுந்தது.

“முச்சி! முச்சி!” என்று கத்தினேன். மூடுங்கள், மூடுங்கள்.

அவர் மூடவில்லை. ஆள் யாராவது தொட்டிக்குப் பின்னால் மடங்கி உட்கார்ந்திருக்கிறானா என்று குனிந்து பார்த்தார். “கிடானா?” என்றார் நம்பாமல். செடியா? எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவர் கையைத் தள்ளிவிட்டுக் கதவைப் படாரென்று சாத்தினேன். தட்டு சாய்ந்து குங்குமம் தரையில் கொட்டியது. அடுத்தவர் அறையில் நுழைந்து அலமாரியைத் திறக்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டேன். இரண்டு வருடமாகக் கன்னடத்தில் தடுமாறிய நான் அதைச் சுத்தமான தமிழில், முழு வேகத்தில் கேட்டேன். அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது, ஆனால் எல்லாம் புரிந்தது. அவர் கொட்டிய குங்குமத்தை முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்த ஒரு நிமிட வெளிச்சத்தால் செடியின் பட்டினி கலைந்துவிடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் என் பிழைப்பே அந்த அலமாரிக்குள் இருக்கும்போது யாருக்குத்தான் கணக்குப் பார்க்கத் தோன்றும்? சனிக்கிழமை காலை படியிறங்கும்போது அவர் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். ஊட்ட ஆய்த்தா இல்லை, ஒன்றுமில்லை. நான் கடந்து போகும்வரை கோலத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மழை தூறிக்கொண்டே இருந்தது. கீழே சாக்குக் கடை பூட்டியிருந்தது. ஒருத்திக்கு மட்டும் சமைக்க அடுப்பைப் பற்றவைப்பது எனக்கு எப்போதுமே பெரிய பாரம். அன்று பன் ஒன்றைக் காப்பியில் நனைத்துத் தின்றுவிட்டுக் கட்டிலில் துணிக்குவியலுக்கு நடுவே படுத்திருந்தேன். ஒத்திகையையும் முணுமுணுப்பாகத்தான் செய்தேன், கீழே கேட்குமோ என்று. அலமாரிக்குள் அது பட்டினி, வெளியே நான் அரைப்பட்டினி. யாராவது வந்து கதவைத் திறந்து, உள்ளே யார் என்று கேட்டால்கூடப் பரவாயில்லை என்று அன்று மத்தியானம் எனக்குத் தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் அழுதேன்.

திங்கட்கிழமை விடிந்தும் வானம் வெளுக்கவில்லை. செடியின் தலைமேல் கறுப்புக் குடைத்துணியைப் போர்த்திக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் மெல்லிய குரலில் “அம்மனோரா?” என்று கேட்டார், அம்மனா என்று. ஆஷாடத்தில் மூடிய கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருக்கும் பெண் வேறு எதைக் கொண்டுபோவாள்? இல்லை, காசித்தும்பை என்று விளக்க எனக்குத் தெம்பில்லை. தலையை ஆட்டிவைத்தேன். அவர் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பள்ளி மைதானத்தில் நிழல் விழாத இடத்தில் தொட்டியை வைத்து, மேல் இலை ஒன்றில் கறுப்புக் காகிதப் பட்டையை மாட்டினேன். நிழல் விழாத இடம் என்று பார்த்துப் பார்த்து வைத்தேனே தவிர, அன்று மைதானத்தில் எதற்குமே நிழல் இல்லை. கொடிக்கம்பத்துக்குக்கூட இல்லை. மேகம் அப்படி அடைத்துக்கொண்டு நின்றது. முதல் பீரியட், இரண்டாவது பீரியட், எந்த வகுப்பில் நின்றாலும் என் கண் ஜன்னலுக்கு வெளியிலேயே இருந்தது. மேகமூட்டத்திலும் செடி சமைக்கும், வெயிலில் சமைக்கும் அளவுக்குச் சமைக்காது, அவ்வளவுதான். வருடாவருடம் இதைச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். என் தலை தப்ப வேண்டிய நாளில் அதை நம்ப முடியவில்லை. இலை மொத்தமும் ஒரே பழுப்பாக வந்து நிற்க, செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நான் பத்து முறையாவது மனசுக்குள் பார்த்துவிட்டேன்.

மத்தியானம் செயலாளரும் தலைமை ஆசிரியையும் பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். செயலாளர் கனத்த உடம்புக்காரர், அந்தப் பெஞ்சு முனகியது. நான் கவனமாக “ஹொச பாட” என்றேன். யாரோ ஒரு பையன் ஏமாற்றத்தில் ‘ச்ச’ என்றது எனக்குக் கேட்டது. த்யுதிசம்ஷ்லேஷணெ ஒரு பிசிறில்லாமல் வந்தது.

இலையைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். பிறகு ஸ்பிரிட் ஊற்றிய சோதனைக் குழாயில் போட்டு, குழாயை வெந்நீருக்குள் நிறுத்தினேன். பச்சை மெல்ல மெல்ல இலையை விட்டு இறங்கி ஸ்பிரிட்டில் கரைந்தது. பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. எழுதி மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தேன். இலையில் பச்சை இருந்தால்தான் அதற்குச் சாப்பாடு என்று சொல்ல வேண்டும். “எலெகெ ஹசிவு இத்ரெ மாத்ர ஊட்ட” என்றேன்.

வெளுத்த இலையை வெந்நீரில் அலசி வெள்ளைத் தட்டில் விரித்து, அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பழுப்பாகப் பரவியது. அப்படியே நின்றது.  அப்புறம் ஓரத்தில் ஒரு திட்டு இருண்டது. நரம்புகளுக்கு இடையே இன்னொன்று. கெட்டிக் கருநீலம் என்று சொல்ல மாட்டேன், திட்டுத்திட்டாக, மழையில் நனைந்த மை மாதிரி. ஆனால் நடுவில் காகிதம் மூடியிருந்த பட்டை மட்டும் சுத்தமாக வெளிறிக் கிடந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போய்க் காட்டினேன். 

செயலாளர் தட்டை உற்றுப் பார்த்துவிட்டு, ஜன்னலைக் கைகாட்டினார். “மோட இதெ, பிசிலே இல்ல. மத்தெ ஹேகம்மா?” என்றார். மேகமாக இருக்கிறது, வெயிலே இல்லை, பிறகு எப்படி? இதற்கு நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. தலைமை ஆசிரியை பேனாவை எடுத்தார்.

“பிசிலு இல்ல, பெளகு இதெ சார்” என்றேன். வெயில் இல்லை, வெளிச்சம் இருக்கிறது.

இதை ஏதோ தத்துவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் சொன்னது இலையைப் பற்றி. ஆனால் யோசிக்காமல், ‘ப’வா ‘ஹ’வா என்று தேடாமல், தானாக வாயில் வந்த என் முதல் கன்னட வாக்கியம் அது. செயலாளர் “ஓ” என்று தலையாட்டினார். பிள்ளைகளும் வானத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். மணியடித்தது.

சாயங்காலம் தலைமை ஆசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து நான் பெர்மனென்ட் என்றார். செயலாளருக்கு என் வகுப்பில் ஒரு வாக்கியம் மிகவும் பிடித்துப்போயிற்றாம். வெயிலைப் பற்றியதாக்கும் என்று நினைத்தேன். அதில்லை. “எலெகெ ஹசிவு இத்ரெ மாத்ர ஊட்ட. எஷ்டு சென்னாகி ஹேளிதிரி!” என்றார். எவ்வளவு நன்றாகச் சொன்னீர்கள்!

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இந்த முறை தலைகீழாக, ஹசிரு என்பதற்குப் பதில் ஹசிவு என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன். இலைக்குப் பசி இருந்தால்தான் சாப்பாடு. அத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அது சரியாகவே பட்டிருக்கிறது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் சுற்றி யாருமில்லை. இந்த வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்க வேண்டுமானால் எதிரில் இருப்பவருக்குப் பசியும் தெரிந்திருக்க வேண்டும், ஹசிவும் தெரிந்திருக்க வேண்டும், நான் வந்த முதல் வாரத்துக் கதையும் தெரிந்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட அப்படி, என்னோடு சேர்ந்து சிரிக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரோடுதான் நான் குங்குமத்தைக் கொட்டிச் சண்டை போட்டிருந்தேன். அவருக்கும் பாதிதான் புரிந்திருக்கும்.

சந்துமுனையில் பஸ் இறங்கியதும், தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தேன். சேலத்துக்கு உடனே லைன் கிடைத்தது. அண்ணிதான் எடுத்தார்.

“அண்ணி, வேலை பெர்மனென்ட் ஆயிருச்சு.”

“அப்பாடா!” என்றார். அடிவயிற்றிலிருந்து வந்த ‘அப்பாடா’ அது. “நெசமாவா கண்ணு? ஏங்க, இங்க வாங்க, உங்க தங்கச்சிக்கு வேலை நெரந்தரமாயிருச்சாம்!” உள்ளே அண்ணன் ஏதோ சந்தோஷமாகச் சொல்வது கேட்டது. பிள்ளைகள் ‘அத்தையா, அத்தையா’ என்று ரிசீவருக்குப் போட்டி போட்டார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பேசட்டும், எல்லாரும் ஒரே சமயத்தில் பேசட்டும் என்றிருந்தது.

“இனிமே எங்களுக்குக் கவலையே இல்ல கண்ணு” என்றார் அண்ணி. “ஹால்ல ஒரு சோபா வாங்கிப் போடணும்னு உங்கண்ணன் ரெண்டு வருசமாச் சொல்லிட்டே இருக்காரு. நாந்தான் வேண்டாம்னேன். உனக்கு அங்க சரிப்படாம திடுதிப்புனு வந்து நின்னா, பாய் விரிக்க எடம் வேணுமில்ல? அதான் அந்த எடத்த அப்படியே உட்டு வெச்சிருந்தோம். இனிமே போட்டுக்கலாமில்ல?”

“போடுங்கண்ணி” என்றேன்.

“இனிமே நீ வந்தா விருந்தாளி மாதிரி வரோணும். நாலு நாள் ராஜாத்தியாட்டம் இருந்துட்டுப் போகோணும்.”

சரி அண்ணி என்றேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டி வருமோ என்று இரண்டு வருடம் பயந்து செத்தேனோ, அந்த இடத்தை இரண்டு வருடமாக எனக்காக ஒருவரும் மிதிக்காமல் காலியாக வைத்திருந்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. தெரிந்த அன்றைக்கே அது போயும் விட்டது. போட வேண்டாம் அண்ணி, கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல வாய்வரை வந்தது. எந்த முகத்தோடு சொல்வது?

அண்ணி வைத்துவிட்டார். நான் ரிசீவரை வைக்கவில்லை. அது காதில் கொர்ரென்று இரைந்துகொண்டே இருந்தது. அடுத்துப் பேச வேண்டியவர் வெளியிலிருந்து கண்ணாடியைத் தட்டினார். இதோ என்று கையைக் காட்டிவிட்டு, இன்னும் கொஞ்சநேரம் பேசுகிற மாதிரியே நின்றேன். கதவைத் திறந்து வெளியே போனால் கன்னடத்தில் பேச வேண்டியிருக்கும்.